பெல்வேன் ஸ்டேசனின் நாலு முளைக்கட்டை

மொன்ட்ரியால்-நோர்
14 ஒக்டோபர் 2024

தங்கைச்சி குணேஸ்வரிக்கு,

நீ என் கடையை விட்டுப் போய்விட்டாய். எட்டு மணித்தியாலம் லொறியில் ஓடினால்தான் வருகிற பெல்வேன் என்ற ஊரில், ரயில் நிற்காத ஒரு ரயில் ஸ்டேசனை நகரசபையிடம் வாடகைக்கு எடுத்துத் தனியாகக் கடை போடுகிறாய். நடந்தது நடந்ததுதான். அந்தக் குளிருக்கு உன் தோள்மூட்டு தாங்குகிறதா? எனக்குப் பிரஷர் ஏறித்தான் நிற்கிறது. காரணம் உனக்குத் தெரியும்.

போனதை விட, சொன்ன விதம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ஜெறோமின் லொறியில் ஏறி இருந்துகொண்டு, கண்ணாடியை இறக்கி, "அண்ணை, போயிட்டு வாறன்" என்றால் நான் என்ன நினைப்பது? பக்கத்துத் தெருவுக்குப் போகிறாய் என்று நினைத்து, "வரேக்க பால் வாங்கிக்கொண்டு வா" என்றேன். பால் இன்னும் வரவில்லை.

ஜெறோமைப் பிடித்து ஏசினேன். "துறைமுகத்தில சாமான் ஏத்திற உனக்கு, என்ர தங்கச்சியை ஏத்தச் சொன்னது ஆர்?" அவன் சிரிக்கிறான். வடக்கே போகிற வழியில் அந்த ஊரில் மதுக்கடையைத் தவிர ஒரு தேத்தண்ணி குடிக்க இடமில்லை, இருந்த ஒரே பலசரக்குக் கடையும் பூட்டு, சபை ஆள் தேடுகிறது என்று உன்னிடம் ஒருநாள் சும்மா கதைத்தானாம். சும்மா கதைத்ததற்கே இப்படி.

எனக்கு விளங்காதது, ஏன் இப்போது என்பதுதான். கடை நன்றாய்ப் போகிறது. போன திங்கட்கிழமைதான் புதுப் பெயர்ப்பலகை ஏற்றினோம். 'நகுலேஸ் அன்ட் சன்', சிவப்பில் மஞ்சள் எழுத்து, பஸ் தரிப்பிடத்தில் நின்றாலே தெரிகிறது. நீயும் கீழே நின்று பார்த்து, "எழுத்து வடிவாய் இருக்கு அண்ணை" என்றாய். புதன்கிழமை போய்விட்டாய். பத்தொன்பது வருஷம் காசுமேசையில் இருந்தவளுக்கு அப்படி என்ன அவசரம்?

போனில் கதைக்க மாட்டேன். போனில் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். ஜெறோம் வடக்கே போகும்போது சாமான் பெட்டிக்குள் கடிதம் வைக்கிறேன். நீயும் வெறும்பெட்டிக்குள் பதில் வை.

கோபம் வேறு, வியாபாரம் வேறு. சம்பா அரிசி, பயறு, மிளகாய்த்தூள், சர்க்கரை அனுப்பியிருக்கிறேன். கடை திறக்க முதல் பால் காய்ச்சு. பஞ்சாங்கம் பார்த்தேன்: இருபதாந் திகதி ஞாயிறு, காலை ஏழரைக்குள். பானை நிறைய விட்டு, கிழக்குப் பக்கமாய் நன்றாகப் பொங்கி வழியவிடு. அவசரப்பட்டு அடுப்பை நூர்த்து அணைக்காதே. நான் முதற்கடையில் நூர்த்தேன், அந்த வருஷம் முழுக்க நட்டம்.

கழுத்துக்குத் துணி சுற்றிக்கொண்டு திரி.

அண்ணன் நகுலேஸ்வரன்


பெல்வேன்
27 ஒக்டோபர் 2024

அன்புள்ள அண்ணைக்கு,

தோள்மூட்டு சொன்னபடி கேட்கிறது. உங்கள் பிரஷர் இறங்கியதா? மச்சாள் சிவநேசத்தின் முழங்கால் எப்படி? பால் வாங்கி வராததற்குக் கோபிக்கவேண்டாம். பால் கதைதான் எழுதப்போகிறேன்.

முதலில் ஊர். நூறு வருஷத்துக்கு முன்பு இங்கே ஏரிக்கரைப் பாறையில் ஒருவன் தங்கம் கண்டானாம். தங்கம் என்றதும் சனம் அள்ளுப்பட்டு வந்தது. சனத்துக்குப் பின்னால் ரயில் வந்தது. ரயிலுக்குப் பின்னால் கோயிலும் பள்ளிக்கூடமும் மூன்று மதுக்கடையும் வந்தன. பிறகு சுரங்கம் மூடப்பட, சனமும் போய்விட்டது. மதுக்கடையில் ஒன்று மிச்சம். இப்போது மரக்குற்றி ஏற்றின ரயில் மட்டும் ஊதிக்கொண்டு நிற்காமல் போகிறது. ஆனால் ஸ்டேசனை இடிக்க ஊர் விடவில்லை. பச்சைக் கூரை, டிக்கெட் கொடுத்த சின்ன யன்னல், எல்லாம் அப்படியே இருக்கிறது. அந்த யன்னலுக்குப் பின்னால்தான் என் காசுமேசை. பாண் ரொட்டி, பால், டோர்ச் பற்றரி, மீன் பிடிக்கிற புழு எல்லாம் விற்கவேண்டும். ஓம் அண்ணை, உயிரோடு புழு. குளிர்ப்பெட்டியில், முட்டைக்குப் பக்கத்தில்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்ன நேரத்துக்குப் பால் வைத்தேன். பொங்கியது, வழிந்தது, நெருப்பில் பட்டுப் புகைத்தது. நான் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறேன், தலைக்கு மேலே கீ என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து ஊர் முழுக்க ஒரு சங்கு. இந்த ஸ்டேசனின் புகைமணியைத் தீயணைப்பு நிலையச் சங்கோடு இணைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அது சுரங்க நாளைய சங்கு. அது ஊதினால் ஊரில் ஒருவரும் படுக்கையில் இருக்கமாட்டார்களாம்.

கதவைத் தள்ளிக்கொண்டு கோடாலியோடு ஒருவர் வந்தார். றெனோல்ட் என்று பெயர். முப்பது வருஷம் தண்டவாளம் போட்டவர், இப்போது தீயணைப்புப் படைக்குத் தலைவர்.

"மடாம், நெருப்பு எங்கே?"

"நெருப்பில்லை. பால்."

"பால் கவனியாமல் பொங்கிவிட்டதா?"

"இல்லை, வேண்டுமென்றுதான் பொங்கவிட்டேன்."

அவர் திரும்பி வெளியே நின்ற சனத்துக்கு உரக்கச் சொன்னார், வேண்டுமென்றுதானாம் என்று. இரவுச் சட்டைக்கு மேலே மழைக்கோட்டுப் போட்ட ஒரு அம்மா முன்னுக்கு வந்தா. அவதான் நகரபிதா செலீன். தண்டம் அடிக்கப்போகிறா என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் கடை திறக்கும்போது இப்படித்தான், கிழக்குப் பக்கம் வழிந்தால் வியாபாரம் நல்லாய் நடக்கும் என்று விளக்கம் சொன்னேன். நீங்கள் என்னைப் பிரெஞ்சு வகுப்புக்கு விட்ட காசு வீண்போகவில்லை. செலீன் கேட்டா, "அப்படியென்றால் வழிந்தது கிழக்குத்தானா?" றெனோல்ட் சட்டைப்பையிலிருந்து திசைகாட்டியை எடுத்து அடுப்புக்கு மேலே பிடித்தார். முழுச்சனமும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது.

"கிழக்கு," என்றார். "கொஞ்சம் வடக்குப் பக்கம் சரிவு. பரவாயில்லை."

எல்லோரும் கைதட்டினார்கள். வந்த சனத்தை வெறும்வாயோடு அனுப்பலாமா? அந்தப் பாலிலேயே அரிசி போட்டுச் சர்க்கரைப் புக்கை கிண்டி, கோப்பிக் கப்பில் போட்டுக் கொடுத்தேன். பொழுதுபடக் கடையில் புழு மட்டும்தான் மிஞ்சியது.

மருந்தைத் தவறவிடாமல் போடுங்கோ.

குணேஸ்


மொன்ட்ரியால்-நோர்
17 நவம்பர் 2024

தங்கைச்சிக்கு,

உன் கடிதத்தை சிவநேசத்துக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்த சிரிப்பில் முழங்கால் நோவை மறந்து எழும்பி நின்றுவிட்டாள். திசைகாட்டிக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல்.

சாப்பாடு சும்மா கொடுத்தது ஒருமுறை சரி. இரண்டாம் முறை விலை வை. சும்மா கொடுத்தால் சனம் நன்றி சொல்லும், விலை வைத்தால் திரும்பி வரும்.

இங்கே ஒரு கரைச்சல். அரசாங்க மொழி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பலகையில் தமிழ் இருக்கிறதாம், இங்கிலீஷ் இருக்கிறதாம், பிரெஞ்சு எங்கே என்று கேட்கிறாள் போலிருக்கிறது. அவள் கதைத்ததில் எனக்கு விளங்கினது 'பொன்ஜூர்' என்ற வணக்கம் ஒன்றுதான். மகன் விதுர்சன் புவாண்ட்-கிளேரில் வேலைக்குப் போனவன் ஆறு மணிக்குப் பிறகுதான் வருவான். வந்தாலும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்பான். நீ இருந்திருந்தால் பலகை எழுதக் கொடுக்க முதலே சொல்லியிருப்பாய்.

காசுமேசைக்கு ஒரு பெடியனைப் போட்டேன். முருங்கைக்காயைப் பார்த்து அது என்ன என்று வாடிக்கையாளரிடமே கேட்கிறான்.

கையுறை போடாமல் சாமான் இறக்காதே.

நகுலேஸ்


பெல்வேன்
19 ஜனவரி 2025

அண்ணைக்கும் மச்சாளுக்கும் தைப்பொங்கல் வாழ்த்துகள். பிந்தித்தான் வரும், பனியில் பாதை மூடியிருந்தது. நான் சுகம். மூக்கு மட்டும் காலையில் ஒருக்கால் விறைத்துப் பின்னேரம் திரும்பி வருகிறது.

பலகை விஷயம்: நீங்கள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

பொங்கலுக்குப் பால் வைக்க முதல் றெனோல்டுக்கு அறிவித்தேன். சங்கு ஊதவில்லை. ஆனால் படை முழுக்க வந்துவிட்டது, கப்போடு. விலை வைத்தேன். திரும்பியும் வந்தார்கள். நீங்கள் சொன்னது சரி.

மொறுமொறுத்த பருத்தித்துறை வடைதான் இப்போது ஓடுகிற சாமான். லொறிக்காரர் பைநிறைய வாங்குகிறார்கள். உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்களும் வாங்குகிறார்கள். ஒரு கையில் வடை, மறுகையில் புழு.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. தங்கம் தேடின காலத்தில், ஒருவன் தான் கண்ட இடத்தின் நாலு மூலைக்கும் முளைக்கட்டை அடித்து, அதில் தன் பெயரும் திகதியும் செதுக்குவானாம். அதற்குப் பிறகு அந்த இடத்தில் வேறொருவன் கால் வைக்கமாட்டான். ஒருவன் அடித்த முளையை இன்னொருவன் பிடுங்கினால், முழு ஊரும் அவனுக்குப் பாண் விற்காது. இப்போதும் அந்தப் பழக்கம் போகவில்லை. பனியை வழித்துக் கார் நிறுத்த இடம் எடுத்தவர் நாலு தடி நட்டுவிட்டுப் போவார். திரும்பி வரும்வரை ஒருவரும் அதில் நிறுத்தமாட்டார்கள்.

தங்கத்தின் விலை ஏறினதால் பழைய சுரங்கத்தைத் திறக்க ஒரு கம்பனி துளை போட்டுப் பார்க்கிறது. அதோடு சபை ஸ்டேசனை விற்கப் போகிறது. விலை எழுதி உறையில் போட்டுக் கொடுக்கவேண்டும், ஜூனில் முடிவு. எனக்கு வாங்க ஆசை அண்ணை. இப்படி ஒரு ஆசை எனக்கு இதுக்கு முதல் வந்ததில்லை. சேர்த்து வைத்தது கொஞ்சம் இருக்கிறது. உங்களிடம் கேட்கவில்லை, சொல்கிறேன்.

உப்பைக் குறையுங்கோ.

குணேஸ்


மொன்ட்ரியால்-நோர்
9 பெப்ரவரி 2025

தங்கைச்சிக்கு,

எல்லோரும் நலம். உன் மூக்குக்குத் தைலம் வைத்திருக்கிறேன், பயற்றம் மாப் பைக்குப் பக்கத்தில் பார்.

ஸ்டேசனின் கூரை எந்த நிலை? நிலவறை உண்டா, தண்ணி ஊறுமா? பக்கத்துத் தண்டவாளம் இன்னும் பாவனையிலா, அதில் பெட்டி நிறுத்தி இறக்கலாமா? லொறி திரும்ப இடம் போதுமா? சுரங்கக் கம்பனி ஆட்கள் எங்கே தங்குகிறார்கள், எங்கே சாப்பிடுகிறார்கள்? மற்ற ஆட்கள் என்ன விலை போடுவார்கள் என்று ஊரில் கதை உண்டா?

சும்மா அறியத்தான்.

சுகமாய் இரு.

நகுலேஸ்


பெல்வேன்
23 மார்ச் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

தைலம் கிடைத்தது, மூக்கு உயிர்த்துவிட்டது. அங்கே பிரஷர், சீனி எல்லாம் அடக்கமாய் இருக்கிறதா?

கேட்டதற்குப் பதில்: கூரையில் ஒரு பக்கம் ஒழுக்கு. நிலவறை ஈரமில்லாமல் நல்ல காய்ச்சல், உள்ளிப்பூண்டும் வெங்காயமும் மாதக்கணக்கில் கிடக்கும். லொறி தாராளமாய்த் திரும்பும். கம்பனி ஆட்கள் என்னிடம்தான் சாப்பிடுகிறார்கள்.

இந்த மாதம் மூன்றாந் திகதி காலை கதவைத் திறக்கிறேன், ஸ்டேசனின் நாலு மூலையிலும் முளைக்கட்டை. உறைந்த நிலத்தில் இரும்பால் துளைத்து இறக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் என் முழுப்பெயர், ஒரு எழுத்துப் பிழையில்லாமல். றெனோல்டைக் கேட்டேன். "நான் காணவில்லை மடாம், அந்த நேரம் நான் கட்டை செதுக்கிக்கொண்டு நின்றேன்" என்கிறார்.

நான் சந்தோசமாய் இருந்தது ஒரு கிழமை. பிறகு செலீன் வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னா. மொன்ட்ரியாலிலிருந்து இன்னொரு கம்பனி விலை போட்டிருக்கிறதாம். பெயர் இல்லை, வெறும் இலக்கம்தான் பெயர். நான் போட்டதைப் போல இரண்டு மடங்கு. முளைக்கட்டை ஊர் வழக்கம், சட்டமில்லை, கூடின விலையைத் தள்ளினால் சபையைக் கேள்வி கேட்பார்கள் என்று அவ அழாத குறை.

ஆர் அண்ணை அது? இந்த ஊரின் பெயரே மொன்ட்ரியாலில் எத்தனை பேருக்குத் தெரியும்? உங்களுக்கு வியாபாரத்தில் எல்லோரையும் தெரியும்தானே. விசாரித்து எழுதுங்கோ.

உடம்பைக் கவனியுங்கோ.

குணேஸ்


மொன்ட்ரியால்-நோர்
20 ஏப்ரல் 2025

தங்கைச்சிக்கு,

சித்திரைப் புதுவருஷ வாழ்த்து. பதில் பிந்திவிட்டது, வேலை. மாம்பழம் வரத்துவங்கிவிட்டது, ஒரு பெட்டி வைத்திருக்கிறேன், மேலே உள்ளதை முதலில் சாப்பிடு. சிவநேசம் பயற்றம் பணியாரம் சுட்டாள். காசுமேசைப் பெடியன் வேலையை விட்டுவிட்டான். வெய்யில் எறிக்கிறது.

ஒவ்வொரு வருஷமும் என் கையால்தான் உனக்குப் புதுவருஷக் கைவிசேஷக் காசு தந்தேன். இந்த வருஷமும் விடக்கூடாது. வெற்றிலை கிடைக்கவில்லை, கடதாசியில் ஒரு டொலர் நாணயக்குற்றி சுற்றியிருக்கிறேன். செலவழித்துவிடாதே.

சுகமாய் இரு.

நகுலேஸ்


பெல்வேன், உன்னுடைய காசுமேசை
16 மே 2025

தங்கைச்சிக்கு,

நீ சுகமாய் மொன்ட்ரியால் போய்ச் சேர்ந்திருப்பாய். நான் சுகமாய் இல்லை. நடந்ததை ஒழுங்காய் எழுதுகிறேன், ஊரார் சொல்லிக் கேட்க முதல் என்னிடமிருந்து கேள்.

சொல்லாமல் வந்து பார்க்கலாம் என்று வான் வண்டியில் அரிசி மூட்டையும் ஏற்றிக்கொண்டு புதன்கிழமை வந்தேன். நீ அன்று காலைதான் ஜெறோமோடு மொன்ட்ரியாலுக்கு வெளிக்கிட்டாயாம். எனக்குத் தெரியாது. கதவடியில் மூட்டை இறக்க வானைப் பின்னுக்கு எடுத்தேன். வழியில் ஒரு கட்டை குறுக்கே நின்றது. நீ எழுதின முளைக்கட்டை இதுதான் என்று மண்டையில் ஓடவில்லை, ஆட்டிப் பிடுங்கினேன். இடம் சரிவாய் இருந்ததால் அதையே பின்சில்லுக்கு முட்டாக வைத்தேன். நல்ல கட்டை, சில்லுக்கு அளவாய் இருந்தது.

கடைக் கதவு பூட்டியிருந்தது, கோப்பி குடிக்க மதுக்கடைக்குப் போனேன். ஊற்றப்போன பெண் வெளியே ஸ்டேசனடியைப் பார்த்தாள், சில்லில் கட்டையோடு நின்ற வானைப் பார்த்தாள், கேத்தலை அடுப்பிலேயே திருப்பி வைத்துவிட்டாள். கலனைத் தூக்கிக்கொண்டு பெற்றோல் வாங்கப் போனேன். அந்த மனுசன் குழாயைத் தூக்கின கையோடு திரும்பக் கொழுவிவிட்டான். மதுக்கடைக்குத் திரும்பிப் போய்ப் பாண் கேட்டேன். தட்டு நிறையப் பாண் இருக்க, இல்லை என்கிறார்கள். ஒருவரும் சத்தம் போடவில்லை, ஏசவில்லை. காசைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் வாங்க முடியாமல் நான் நின்றது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

திரும்பி ஸ்டேசனுக்கு வந்தேன், கதவு திறந்திருந்தது. டிக்கெட் யன்னலுக்குப் பின்னால் உன் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு ஒரு ஆறடி மனுசன் வடை பொரிக்கிறான். அவன்தான் றெனோல்ட் என்று நினைத்து, "குணேஸ்வரி, சிஸ்டர்" என்று என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவன் நம்பவில்லை. நகரபிதா வந்தா. உனக்குப் போன் எடுத்தா. நீ சொன்னதை எனக்கு இங்கிலீஷில் சொன்னா: "எனக்கு ஒரு அண்ணன் உண்டு. ஆனால் அவர் என் முளையைப் பிடுங்குகிற ஆளில்லை. கோப்பி கொடுங்கோ, பெற்றோல் கொடுக்கவேண்டாம்."

நல்லது. உனக்கு வியாபாரம் வந்துவிட்டது.

பிடுங்கின கட்டையை நானே அடிக்கவேண்டும் என்றார்கள். சனம் சுற்றி நிற்க, பெரிய மரச்சுத்தியலால் அடித்தேன். அடிக்கும்போதுதான் அதில் இருந்த எழுத்தைப் பார்த்தேன். உன் பெயர். இவ்வளவு பெரிய எழுத்தில் உன் பெயரை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

அடித்து முடிய ஒரு பெண் கோப்பி கொண்டுவந்து தந்தாள். றெனோல்டுக்குப் படைப்பயிற்சியாம், ஏப்ரனைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டுப் போய்விட்டான். இரண்டு நாளாய் உன் காசுமேசையில் நிற்கிறேன். பாஷை தெரியாது. வருகிறவர்கள் தாங்களே சாமானை எடுத்து, தாங்களே கணக்குச் சொல்லி, எனக்குப் பிரெஞ்சில் எண்ணவும் சொல்லித் தருகிறார்கள். புழு விற்றேன்.

ஏன் வந்தேன் என்பதை எழுதவில்லை. நேரில் சொல்லவேண்டியது. இன்று பெற்றோல் தந்துவிட்டார்கள். சனிக்கிழமை அங்கே கடைக்கு ஆள் வேண்டும், வெளிக்கிடுகிறேன்.

வடைக்கு உப்புக் கொஞ்சம் கூடுதல். மற்றப்படி குறையில்லை.

நகுலேஸ்


மொன்ட்ரியால்-நோர், உங்கள் காசுமேசை
16 மே 2025

அண்ணைக்கு,

மச்சாளின் கால் பரவாயில்லை, என்னோடு இரண்டு தெரு நடந்தா. உங்கள் மருந்துக் குளிசை புதன்கிழமையிலிருந்து எடுபடாமல் இருக்கிறது. போத்தலையும் வானில் கொண்டுபோயிருக்கவேண்டும்.

நான் ஏன் வந்தேன் தெரியுமா? அந்த இலக்கக் கம்பனியை எப்படி வெல்வது என்று உங்களிடம் யோசனை கேட்கத்தான். விலை போடுவதில் உங்களை வெல்ல ஆளில்லை என்று றெனோல்டுக்குப் பெருமையாய்ச் சொல்லிவிட்டு லொறி ஏறினேன்.

விதுர்சனிடம் கேட்டேன், "அப்பா எங்க?"

"பெல்வேனுக்கு, மாமி. ஸ்டேசனைப் பாக்க. அவர்தானே விலை போட்டவர். உங்களுக்குச் சொல்லேல்லையே?"

சொல்லவில்லை.

இரண்டு நாள் இங்கே இருந்தேன். உள்ளி முளைத்துக் கிடந்தது, எடுத்துப் போட்டேன். சாமான் வாங்க வந்த குணரத்தினம் மாஸ்டரின் மனைவி கட்டிப்பிடித்து அழுதா. மொழி அலுவலகப் பெண்ணும் வந்தா. கதைத்தேன், பலகை மாற்ற ஜூன் முடிவுமட்டும் தவணை தந்திருக்கிறா. போகும்போது பலகையை நிமிர்ந்து பார்த்தா, என்னைப் பார்த்தா. "நீங்கள் அந்த மகன் இல்லைத்தானே மடாம்" என்று சிரித்தா. நானும் சிரித்தேன்.

ஜெறோம் ஹோர்ன் அடிக்கிறான்.

குளிசையைப் போடுங்கோ.

குணேஸ்வரி


மொன்ட்ரியால்-நோர்
1 ஜூன் 2025

தங்கைச்சி குணேஸ்வரிக்கு,

குளிசை போட்டேன். நீ எப்படி?

காட்டுப் பாதையில் ஜெறோமின் லொறி எதிரே போனது. உயரத்தில் நீ இருந்தாய். கையைக் காட்டினாயா, முகத்தை மறைத்தாயா என்று தெரியவில்லை. இரண்டும் சரிதான்.

ஓம், விலை போட்டது நான்தான். நல்ல இடத்தைக் கண்டால் என் கை நீளும். உனக்காகப் போட்டேன் என்று சொல்லலாம், பாதி உண்மை. மற்றப் பாதி இதுதான்: நீ இல்லாமல் நான் தடுமாறுகிறேன், நான் இல்லாமல் நீ நன்றாய் நடத்துகிறாய். அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஸ்டேசன் என்னுடையதானால், நீ எங்கே போனாலும் என் கடையில்தான் இருக்கிறாய் என்று ஒரு எண்ணம்.

விலையை மீளப் பெற்றுவிட்டேன். விதுர்சன் பிரெஞ்சில் கடிதம் எழுதினான். நன்றாய் எழுதினான். கடை வேண்டாம், புவாண்ட்-கிளேர் வேலைதான் பிடிக்கும் என்பதையும் அன்றே சொன்னான், தமிழில். அவனுக்கு அதைச் சொல்ல இத்தனை நாள் பயமாம்.

நேற்றுப் பலகையைக் கழற்றினோம். ஏணியில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஏற்றினது திங்கள், நீ போனது புதன். முதற் கடிதத்தில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன், எழுதினவனுக்கு விளங்கவில்லை. நீ ஒருநாளும் வாய் திறந்து சொல்லவுமில்லை.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை எனக்கு. விலை கேட்டுத்தான் பழக்கம். பலகை எழுதுகிறவன் காத்திருக்கிறான். உன் விலையைச் சொல்.

நகுலேஸ்


பெல்வேன்
22 ஜூன் 2025

அன்புள்ள அண்ணைக்கு,

நான் நல்ல சுகம். கடிக்கிற நுளம்பு மட்டும்தான் இங்கே தொல்லை, அதுவும் புழுவைப் போல விற்கக்கூடிய சாமான் இல்லை. நீங்களும் மச்சாளும் எப்படி?

கையைத்தான் காட்டினேன்.

நேற்றுச் சபை கூடியது. உங்கள் உறை போனபிறகு இருந்தது என் உறை ஒன்றுதான். செலீன் அதைச் சபைக்கு வாசித்துவிட்டு, சபைக்கு வேண்டியது காசில்லை, திறந்த கதவு என்றா. நான் எழுதின காசு முழுவதையும் கூரைக்குச் செலவழிக்கவேண்டும், பத்து வருஷம் கடை பூட்டக்கூடாது, இது நிபந்தனை. ஸ்டேசனின் விலை ஒரு டொலர். அதைக் கையோடு வைக்கவேண்டுமாம். கைப்பைக்குள் துழாவினேன், உங்கள் கைவிசேஷக் குற்றிதான் அகப்பட்டது. செலவழிக்காதே என்று எழுதியிருந்தீர்கள். வைத்துவிட்டேன். அதைவிட நல்ல முதற்செலவு எனக்குத் தெரியவில்லை.

றெனோல்ட் ஒரு நிபந்தனை சேர்த்தார். பால் பொங்குவதென்றால் முதல்நாளே படைக்கு அறிவிக்கவேண்டும், புக்கை எல்லோருக்கும் போதுமான அளவு இருக்கவேண்டும். சபை ஏகமனதாய் ஏற்றுக்கொண்டது. நீங்கள் முளையை அடித்த விதம் சரியில்லை, சாய்ந்து நிற்கிறதாம். திரும்ப அடிக்க வரட்டாம்.

இனி உங்களுக்கும் எனக்கும். பேரம் பேசவேண்டாம், உங்களிடம் படித்தவள்தான் எழுதுகிறேன்.

சாமானை வாங்கின விலைக்கே தருவீர்கள், ஏற்றுகூலி என்னுடையது. வடையும் மிளகாய்த்தூளும் இங்கிருந்து வடக்கே போகிற எல்லாக் கடைக்கும் நான் போடுவேன், அதில் மூன்றில் ஒன்று உங்களுக்கு. மொன்ட்ரியால் கடையில் எனக்குப் பாதி. மாதத்தில் ஒரு கிழமை நான் வந்து அந்தக் காசுமேசையில் இருப்பேன், அந்தக் கிழமை நீங்கள் இங்கே வந்து இந்த மேசையில் இருப்பீர்கள், பிரெஞ்சில் எண்ணப் பழகுவீர்கள். போனில் கதைப்போம், கத்தாமல்.

இங்கே பலகையில் என் பெயர் மட்டும். அங்கே இரண்டு பெயரும், பிரெஞ்சிலும் தமிழிலும், ஒரே அளவு எழுத்தில். 'அன்ட் தங்கைச்சி' என்று போடவேண்டாம். குணேஸ்வரி என்று போடுங்கோ.

குணேஸ்வரி